கிழக்குத் தோட்டத்தின் மேல் போன கோடு

நொய்யல் ஆற்றுக்கு ஒரு கிளை இருந்தது என்பது எனக்கு முதலில் காகிதத்தில்தான் தெரியவந்தது. தொண்ணூற்று நான்காம் ஆண்டு, மார்கழி மாதம். அப்போது கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியின் டிராயிங் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வாரம் முழுக்க பம்பின் உறுப்புகளை வரைவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றை வரைவேன். பேரூரிலிருந்து கிழக்கே வரும் குளங்கள், அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுபோன வாய்க்கால்கள், அவை தூர்ந்துபோன காலம், தூர்ந்த இடத்தில் இப்போது என்ன நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைப்பேன். இந்தப் பழக்கம் எப்போது தொற்றியது என்பதற்கு மட்டும் என்னிடம் தேதி இல்லை.

நூலகங்களில் பழைய மாவட்ட விவர நூல்களைப் படித்துப் படித்து, அவற்றின் பின்னால் மடித்து ஒட்டியிருக்கும் படங்களின் மேல்தான் கடைசியில் ஆசை நின்றது. எழுதியவர் கேள்விப்பட்டதையும் எழுதிவிடலாம். அளந்தவர் அந்த இடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று நம்பினேன். அன்று பதிவறை ஒன்றில் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிப் பார்த்த தாள், வெள்ளைக்காரர் காலத்து நில அளவைப் படம். திருப்பூருக்குக் கிழக்கே ஆறு ஒரு வளைவு வளைகிறது. அந்த வளைவின் வடகரையிலிருந்து மெல்லிய நீலக்கோடு ஒன்று பிரிந்து, சற்றுத் தூரத்தில் அகன்று பரவி, சின்னச் சின்னப் புல் குறிகளாகச் சிதறி, மறுபடி ஒடுங்கிக் கீழே ஆற்றோடு சேர்ந்தது. புல் குறி என்றால் சேற்று நிலம், ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும் கோரைக்காடு. அடுத்த தலைமுறையில் அளந்த தாளில் கோடும் இல்லை, புல்லும் இல்லை. வெறும் வயல் எண்கள்.

அந்த எண்களுக்கு நடுவில்தான் என் அக்காவின் ஊர் இருந்தது.

அக்காவை அங்கே கட்டிக்கொடுத்தது எழுபதுகளின் தொடக்கத்தில். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் மஞ்சள், மீதியில் சோளம், கட்டுத்தறியில் மாடுகள். ஆற்றிலிருந்து நடந்தால் நன்றாக வேர்க்கும் அளவு தூரம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளால் ஆறு சாயத்தண்ணீர் ஆனபோது அந்த ஊர்க்காரர்கள் ஆற்றங்கரை ஊர்களைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். தங்களுக்கு அது வரும் என்று நினைக்கவில்லை. தை மாதம் பொங்கலுக்கு நான் போனபோது அக்கா காப்பி போட்டாள். பால் திரிந்துபோயிற்று. இன்னொரு முறை பால் ஊற்றினாள், அதுவும் திரிந்தது. அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடியே பாத்திரத்தைச் சரித்துக் கொட்டிவிட்டு, "நம்ம கெணத்துத் தண்ணி போயிருச்சு கண்ணு" என்றாள்.

கிணற்றைப் போய்ப் பார்த்தேன். நிறம் ஒன்றும் பெரிதாக மாறவில்லை, வெயில் விழும் இடத்தில் மட்டும் லேசான பழுப்பு. ஆனால் மோட்டார் ஊற்றும் இடத்தில் தொட்டி முழுக்க நுரை. தென்னையடியில் குரும்பைகள் கொட்டிக் கிடந்தன. சினை மாடு ஒன்று மாதம் ஆகாமலே கன்று வீசியிருந்தது. அக்காவின் முழங்கைகளில் தோல் தடித்து வெடித்திருந்தது. நான் அதைப் பார்ப்பது தெரிந்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். குடிக்கவும் சமைக்கவும் அவள் தண்ணீர் எடுத்தது கிழக்குத் தோட்டத்தில். அது அக்காவின் கணவரான மச்சானுடைய பங்காளி ஒருவருடையது. வயதில் மூத்தவர், ஒரே பாட்டன் வழி. அவர் கிணறு இன்னும் இளநீர் மாதிரி இருந்தது. ஊரில் பாதிப் பேர் காலையில் அவர் மோட்டார் போடும் சத்தத்தைக் கேட்டுக் குடத்தோடு கிளம்புவார்கள். அவர் ஒருவரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அதிகாரிகள் ஒருமுறை வந்து போயிருந்தார்கள். ஆற்றிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் இருக்கும் கிணறுகள்தான் சாயத்தால் கெட்டவை என்று அவர்களுக்கு ஓர் எல்லை இருந்தது. எல்லைக்குள் இருந்த ஊர்களுக்குத் தண்ணீர் லாரி வந்தது. அக்காவின் ஊர் எல்லைக்கு வெளியே. உரம் அதிகமாகப் போட்டதால் கெட்டிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். மச்சான் அதை என்னிடம் சொன்னார். பிறகு, "மாப்பிள்ளை, நீங்க காகிதத்துல ஆத்தை ஓட்டறவரு. எங்கூட்டு வரைக்கும் கொஞ்சம் ஓட்டிக் காமிச்சீங்கன்னா நல்லாயிருக்கும்" என்றார். கேலியாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது அது கேலி இல்லை.

நான் அந்தப் புல் குறிகளைப் பற்றிச் சொன்னேன்.

மாசி, பங்குனி இரண்டு மாதமும் ஞாயிறு தவறாமல் போனேன். சோமனூர் வழியாகப் பஸ். திருப்பூரில் மாறி இன்னொரு பஸ். பழைய படத்தின் கோட்டை இன்றைய நிலத்தில் கண்டுபிடிப்பது எப்படி என்பது எனக்குக் கோவைக் குளங்களில் பழகியிருந்தது. உழுத காட்டில் நத்தை ஓடு கிடக்கிறதா என்று பார்ப்பேன். செம்மண் காட்டுக்கு நடுவில் ஒரு பட்டை மட்டும் கறுத்துக் களியாக இருந்தால் குறித்துக்கொள்வேன். ஐப்பசி மழைக்குப் பிறகு எந்த வயலில் ஓரம்பு எடுக்கும், அதாவது தானாகத் தண்ணீர் கசிந்து ஏர் இறங்காமல் போகும் என்று கேட்பேன். அக்கா களத்திலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். லீவு நாளில் பெண்டாட்டியைச் சினிமாவுக்குக் கூட்டிப்போகாமல் அடுத்தவன் காட்டில் நத்தை பொறுக்குகிறவனுக்குப் பெண் கொடுத்தவர்கள் பாவம் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் எனக்குக் கேட்கும்படிச் சொல்வாள்.

கடைசிச் சாட்சி கிணறுகள்தாம். எங்கள் பக்கத்துக் கிணறு ஆழமானது. மண்ணும் அதன் கீழ் சுண்ணாம்புக் கல்லும் அதன் கீழ் பாறையுமாகச் சுவரில் வரிசை தெரியும். மச்சானுடைய கிணற்றில் படியிறங்கிப் பார்த்தபோது மண்ணுக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு பட்டை ஆற்று மணல் இருந்தது. மணலுக்குள் உருண்டையான கூழாங்கற்கள். அந்த ஊர்க் காட்டில் உருண்டைக் கல்லே கிடையாது. மேற்கே இருந்த கிணறுகளிலும் அதே பட்டை, அதே ஆழத்தில். அந்தப் பக்கம் பட்டை இருந்த கிணறுகளெல்லாம் கெட்டிருந்தன. இல்லாதவை, ஆற்றுக்கு இன்னும் அருகில் இருந்தாலும், கெடவில்லை. பட்டையைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனால் அது ஆற்றின் வளைவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு பழைய தடுப்பணை. அதற்கு மேலே சாயத்தண்ணீர் கோடை முழுக்கத் தேங்கி நின்றது. ஆறு தன் பழைய கிளையை மறக்கவில்லை. நிலத்துக்கு அடியில் அது இன்னும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

கிழக்கே போனால் கிழக்குத் தோட்டம். தோட்டத்துக்காரர் என்னைத் தாமே கைபிடித்துக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டார். சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினார். கூழாங்கல் பட்டை அங்கேயும் இருந்தது; மற்றக் கிணறுகளைவிடத் தடிமனாகவே இருந்தது. தம்முடைய அப்பா இந்தக் கிணறு வெட்டும்போது ஆற்று மீனின் எலும்பு கிடைத்தது என்று பெருமையாகச் சொன்னார். மேலே வந்ததும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் அன்று அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. படம் முடியாமல் பேசுவது எனக்குப் பழக்கம் இல்லை.

சித்திரை மாதம் படம் முடிந்தது. டிரேசிங் தாளில் கறுப்பு மையில் வரைந்து, நீலப் பிரதி ஒன்று எடுத்துக்கொண்டு போனேன். ஆற்றின் வளைவில் பிரிந்து, மேற்குக் கிணறுகள் வழியாக வந்து, அக்காவின் தோட்டத்தில் அகன்று, கிழக்குத் தோட்டத்துக் கிணற்றின் மேல் ஏறி, அதற்கப்பால் ஆற்றில் சேரும் கோடு. கெட்ட கிணற்றுக்கு நிரப்பிய வட்டம், கெடாததற்கு வெறும் வட்டம். கோட்டின் மேல் இருந்த வெறும் வட்டம் ஒன்றே ஒன்று.

மச்சான் பிரதியைக் கொண்டுபோய் டீக்கடை பெஞ்சில் விரித்துவிட்டார். ஊர் கூடிப் பார்த்தது. அவரவர் கிணற்றை விரலால் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஆற்றிலிருந்து நம் ஊருக்கு வழி இருக்கிறது, இனி லாரி வந்துதான் ஆக வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். கிழக்குத் தோட்டத்துக்காரர் கடைசியாக வந்து பார்த்தார், டீ குடிக்காமல் போனார் என்று மச்சான் பிறகு சொன்னார்.

கிழக்குத் தோட்டத்துக்காரரின் மகளுக்கு அப்போது தாராபுரத்துப் பக்கம் ஓர் இடம் கூடிவந்திருந்தது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் தோட்டத்தைச் சுற்றுவார்கள். கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். அங்கேயே ஒரு சொம்பு வாங்கிக் குடிப்பார்கள். அமராவதி ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த தாராபுரத்துக்காரர்கள் கட்டாயம் குடித்துப் பார்ப்பார்கள். அதற்கு மேல், நொய்யலைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தபடியால், சாயம் இங்கே வருமா என்று ஏற்கெனவே இரண்டு பேர் மூலம் விசாரித்திருந்தார்கள். சாயத்தண்ணீர் குடித்து வளர்ந்த பெண்ணுக்குப் பிள்ளை தங்காது என்று அப்போது ஒரு பேச்சு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் அக்கா வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. குரல் எப்போதும்போல மெதுவாகத்தான் இருந்தது.

"ஏனுங்க மாப்பிள்ளை, எங்கெணறு நல்லாத்தானுங்க இருக்குது?"

நல்லாத்தான் இருக்குதுங்க என்றேன்.

"அப்பறம் எதுக்குங்க அதுமேல கோட்டைப் போட்டீங்க?"

தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும், இன்றைக்கு இல்லாவிட்டாலும் வரும் என்று விளக்கினேன். மணல் பட்டையைச் சொன்னேன். அவர் அப்பா வெட்டும்போது கிடைத்த மீன் எலும்பைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். நான் முடித்ததும், கோட்டை அக்காவின் கிளுவை வேலியோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார். கல்யாணம் முடியட்டும், அதற்குப் பிறகு என் இஷ்டம்போல எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்றார். மச்சான் குறுக்கே புகுந்து, நடுவில் நிற்கிற கோட்டை எந்த அதிகாரி நம்புவான் என்று கேட்டார். அவர் வாசலுக்குத் திரும்பினார். அக்காவைப் பார்த்து, "வாரேன் அம்மணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கிழக்குத் தோட்டத்தின் படல் சாத்தியிருந்தது. குடத்தோடு போன அக்காவிடம், மோட்டார் காயில் கருகிப்போச்சு, கட்டுவதற்குத் திருப்பூருக்குக் கொடுத்திருக்கிறோம் என்று அந்த வீட்டம்மா சொன்னார். அதற்கடுத்த நாளும் அதேதான். மற்றவர்கள் குடத்தோடு போய் நிறைத்து வந்தார்கள். அக்கா போகிறபோது மட்டும் மோட்டார் கருகிவிடும். ஒரு வார்த்தை தடித்துப் பேசவில்லை. உட்கார வைத்து மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

நான் போயிருந்த அன்று அக்கா வீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு அந்த மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டேன். என் கம்பெனி மோட்டார்தான். சத்தம் எனக்குத் தெரியும். நானே போய்க் காயிலைப் பார்க்கட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். பார்த்து என்ன செய்வாய், நல்லா இருக்கிற மோட்டாரைக் கழற்றி நல்லா இருக்கிறது என்று சொல்வாயா என்றாள். இப்போது அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம், பக்கத்து ஊர் எல்லையிலிருந்த ஒரு கிணற்றுக்கு நடந்துகொண்டிருந்தாள். சித்திரை வெயில். அவள் கைகள் இருந்த நிலையில் குடத்தை இடுப்பில் வைத்துப் பிடிக்க முடியாமல் தலையில் சும்மாடு வைத்துச் சுமந்தாள். மச்சான் ஒரு பக்கம் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். அவருக்கும் மூட்டு வலி. மகன்கள் இரண்டு பேரும் அதற்குள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டிருந்தார்கள்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அக்கா எனக்குப் போன் செய்தாள். ரோட்டோரப் பூத்திலிருந்து. அவள் அதற்கு முன் எனக்குப் போன் செய்ததே இல்லை. ஞாயிறு வரும்போது அசல் படத்தையும் பிளேடையும் கொண்டு வா என்றாள்.

டிரேசிங் தாளில் மையை அழிக்க ரப்பர் உதவாது. சவர பிளேடைப் பாதியாக ஒடித்து, சாய்த்துப் பிடித்து, தாள் கிழியாமல் சுரண்ட வேண்டும். பிறகு நகத்தால் தேய்த்தால் இடம் வழவழப்பாகிவிடும். இது எங்கள் தொழிலில் முதல் மாதத்தில் கற்பது. அக்காவுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். நான் வீட்டில் உட்கார்ந்து வரையும்போது பார்த்ததுதான் என்றாள்.

நான் மறுத்தேன். இந்தத் துண்டு போனால் மொத்தப் படமும் போய்விடும், லாரி வராது என்று சொன்னேன். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தன் கையை நீட்டி, தாளின் மேல் கிழக்குத் தோட்டம் இருந்த இடத்தில் வைத்தாள். வெடித்த தோலிலிருந்து ஒரு சொட்டு நீர் தாளில் பட்டுவிடுமோ என்று எனக்குப் பதறியது.

"லாரி என்னைக்காச்சும் வரும் கண்ணு. எனக்கு இன்னைக்குச் சோறாக்கத் தண்ணி வேணும். சொரண்டிப்போடு."

சுரண்டினேன். வேலிக்குக் கிழக்கே கோடு இல்லை, வட்டம் மட்டும் இருந்தது. அன்று சாயங்காலமே மோட்டார் சரியாகிவிட்டது. கிழக்குத் தோட்டத்துக்காரர் மகளிடமே ஒரு குடம் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு சீப்பு பூவன் பழமும்.

ஆனி மாதம் ஊர்க்காரர்கள் மனுவோடு தாலுகா அலுவலகத்துக்குப் போனபோது நானும் போனேன். கிழக்குத் தோட்டத்துக்காரரும் வந்தார். ஊர்ப் பெரியவர் வராமல் இருந்தால் நன்றாக இருக்காது. எங்களைப் பார்த்த பொறியாளர் இளவயதுக்காரர், கெட்டவரும் இல்லை. படத்தை மேசையில் விரித்து, மேற்கிலிருந்து விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்தார். பழைய அளவைத் தாளைப் பார்த்தேன் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். மணல் பட்டையைப் பற்றி நல்ல கேள்விகள் கேட்டார். விரல் கிளுவை வேலிக்கு வந்து நின்றது.

"இது இங்கிருந்து எங்க போய்ச் சேருதுங்க?"

கிழக்குத் தோட்டத்துக்காரர் துண்டை மடியில் மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் மச்சான், அங்கேயே முடிஞ்சுபோச்சுங்க என்றார்.

ஓடை என்றால் ஓரிடத்தில் போய்ச் சேர வேண்டும் என்று பொறியாளர் வருத்தத்தோடு சொன்னார். இது இங்கேயே நின்றுவிட்டால் வெறும் தாழ்ந்த நிலம். தாழ்ந்த நிலத்தில் உரத் தண்ணீர் தேங்குவது இயற்கைதான். பழைய தாளின் பிரதி இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார். பதிவறையில் பிரதி தரமாட்டார்கள். எங்கள் மனு கோப்பில் சேர்ந்தது.

ஆவணியில் கல்யாணம். தாராபுரத்துக்காரர்கள் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், குடித்தார்கள், தலையாட்டினார்கள். முகூர்த்தத்துக்கு நானும் போயிருந்தேன். ஊரே அந்தத் தண்ணீரில்தான் சமைத்துச் சாப்பிட்டது. கிழக்குத் தோட்டத்துக்காரர் பந்தியில் என் இலைக்கு முன்னால் நின்று தாமே பாயசம் ஊற்றினார். அந்தக் குடும்பத்தில் அன்று எவர் முகத்திலும் குறை இல்லை. நான் இதை எழுதும்போதும் அந்தப் பெண் தாராபுரத்தில் நன்றாக இருக்கிறாள், பிள்ளைகள் இரண்டு.

ஐப்பசியில் ஓரளவு மழை. ஆற்றில் வெள்ளம் வந்து தடுப்பணையில் தேங்கியிருந்ததையெல்லாம் புரட்டித் தள்ளியது. சிலர் இனி எல்லாம் கழுவிப் போய்விடும் என்றார்கள். தை பிறந்து சில நாளில் கிழக்குத் தோட்டத்தில் பால் திரிந்தது.

அதன் பிறகு நடந்தவற்றை அக்கா சொல்லித்தான் அறிவேன். அந்த வீட்டம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டே நேராக அக்காவிடம் வந்தாராம். திரிந்த பாலைக் காட்டினாராம். அக்கா அந்தப் பாத்திரத்தை வாங்கிக் கழுவிக் கொடுத்தாளாம், அவளுக்கும் வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் கழுவியதும்கூட அந்தக் கெட்ட தண்ணீரில்தான்.

அந்த ஞாயிறு கிழக்குத் தோட்டத்துக்காரர் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுப் போனார். தொட்டியில் நுரை.

"இனி எந்தக் கெணத்துக்குங்க மாப்பிள்ளை வரும்? முன்னாலயே சொல்லிப்போட்டா அவங்களாச்சும் சூதானமா இருப்பாங்கல்ல."

"இனிக் கெணறு இல்லீங்க. இதுக்கப்பறம் ஆறுதானுங்க."

அவர் சரிங்க என்றார். பிறகு, அந்தக் கோட்டை மறுபடி போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். போட்டுத் தந்தேன். சுரண்டிய இடத்தில் மை லேசாகப் பரவியது. அதனால் கோடு அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் தடித்துவிட்டது. இந்த முறை அவரே மனுவில் முதல் கையெழுத்துப் போட்டார். அந்தப் பொறியாளர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் நிலத்தடித் தண்ணீர் நிபுணர் ஒருவரைக் கேட்க வேண்டும் என்றார். அவர் வர மாதங்கள் ஆயின. வந்தார், கிணறுகளில் இறங்கிப் பார்த்தார், படம் சரி என்று எழுதினார். அதற்குப் பிறகு ஒரு தேர்தல் வந்து கோப்பு நின்றுபோனது.

அதற்குள் அக்கா வீட்டில் மாடுகளைக் கொடுத்துவிட்டார்கள். தென்னைகள் மண்டை காய்ந்து ஒவ்வொன்றாகக் கழன்றன. தொண்ணூற்று ஆறு ஆடி முடிந்ததும் அக்காவும் மச்சானும் மகன்களோடு திருப்பூரில் ஒரு லைன் வீட்டுக்குப் போனார்கள். ஒரே அறை, பொதுக் குழாய், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். மச்சான் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். அக்கா வீட்டிலேயே பனியன் பிசிறு வெட்டினாள். கைகள் கொஞ்சம் ஆறின.

தண்ணீர் லாரி ஊருக்கு வந்தது அதற்கடுத்த ஆண்டு, மாசியில். தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன். நான் அங்கே இல்லை. கிழக்குத் தோட்டத்துக்காரர் பூத்திலிருந்து என் கம்பெனிக்குப் போன் செய்தார். லாரி வருகிறது, தினமும் வருமாம், அம்மணியை வந்துவிடச் சொல்லுங்கள், அவங்க பங்குக்குக் குடம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்றார்.

அன்று வேலை முடிந்து திருப்பூருக்குப் பஸ் ஏறினேன். அக்கா வாசல் படியில் உட்கார்ந்து, மடியில் துணிக் குவியலோடு, பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கத்தரியை நிறுத்தவில்லை.

"மாடு இல்ல, மரம் இல்ல, பசங்க இங்க இருக்கறாங்க. தண்ணி குடிக்கறதுக்குன்னு ஒருத்தி ஊருக்குப் போவாளா?"

பிறகு, நீ சாப்பிட்டாயா என்று கேட்டாள்.